எந்தப் பழுதுக்கு யார் பொறுப்பு? டிஜிட்டல் கேமராவும் எக்ஸ்டெண்டட் வாரண்டியும்

பாடி, லென்ஸ், பை, மெமரி கார்டு எல்லாம் பேசி முடித்து பில் போடப்போகும் நேரத்தில் கடைக்காரர் கேட்பார்: "எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுடலாமா சார்? இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கவலையே இல்ல." எழுபதாயிரம் ரூபாயை எண்ணி வைக்கிறவருக்கு இன்னொரு நாலாயிரமோ ஐயாயிரமோ பெரிய தொகையாகத் தோன்றாது. சிலர் உடனே தலையாட்டுகிறார்கள். சிலர் இதெல்லாம் ஏமாற்று வேலை என்று மறுத்துவிடுகிறார்கள். இருவருமே கணக்குப் பார்ப்பதில்லை.

இதில் முடிவெடுக்க மூன்று விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். கேமரா எதனால், எந்தக் காலத்தில் பழுதாகிறது? அந்தப் பழுதுக்கு ஏற்கெனவே பொறுப்பேற்றிருப்பவர் யார்? மிச்சமிருக்கும் பழுதுகளில் எவற்றை இந்தக் கூடுதல் வாரண்டி ஏற்கிறது? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு எனக்குக் கிடைக்கும் விடை இது: வீட்டு உபயோகத்துக்குக் கேமரா வாங்கும் பெரும்பாலானோருக்கு, பொறிப் பழுதை மட்டும் ஏற்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி தேவையில்லை. கேமராவை வைத்துப் பிழைப்பவர்களுக்குப் பாதுகாப்பு தேவைதான். ஆனால் கடையில் விற்கும் அந்தத் திட்டம் பெரும்பாலும் அவர்களுக்கு உதவாது.

பழுதுக்கும் ஒரு காலம் உண்டு

பொறியியலில் 'குளியல் தொட்டி வளைவு' என்று ஒரு வரைபடம் உண்டு. ஒரு பொருள் எந்த வயதில் எவ்வளவு பழுதாகிறது என்பதை அது காட்டும். தொடக்கத்தில் கோடு உயரமாக இருக்கும். தொழிற்சாலையில் சரியாகப் பற்றவைக்கப்படாத இணைப்பு, குறையுள்ள சில்லு போன்றவை முதல் சில வாரங்களிலோ மாதங்களிலோ வெளிப்பட்டுவிடும். பிறகு கோடு இறங்கித் தட்டையாக ஓடும். இது அமைதியான காலம். கடைசியில் தேய்மானம் சேர்ந்து கோடு மறுபடி ஏறும்.

மின்னணுப் பொருள்கள் பெரும்பாலும் இந்தப் போக்கில்தான் நடக்கின்றன. தொடக்க காலப் பழுது தயாரிப்பாளர் தரும் வாரண்டிக்குள்ளேயே வந்துவிடுகிறது. தேய்மானப் பழுது, அளவாகப் படமெடுக்கும் குடும்பத்தில், பல ஆண்டு கழித்துத்தான் வரும். எக்ஸ்டெண்டட் வாரண்டி விற்கப்படுவது இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தட்டையான காலத்துக்கு. அதாவது, கேமரா பழுதாகும் வாய்ப்பு மிகக் குறைவாக இருக்கும் ஆண்டுகளுக்கு நாம் தனியாகப் பணம் கட்டுகிறோம்.

தேய்மானத்துக்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஷட்டர். டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் கண்ணாடி மேலெழுந்து இறங்குகிறது; இரண்டு மெல்லிய திரைகள் அடுத்தடுத்து ஓடி நிற்கின்றன. உயர்ந்த வேகத்தில் இரண்டு திரைகளுக்கும் நடுவில் ஒரு சிறு கீற்று மட்டுமே சென்சாரின் மேல் கடந்துபோகும். இப்படி ஓடி ஓடி நிற்கும் பாகம் என்றாவது ஒருநாள் போகத்தான் செய்யும். அதனால் நிறுவனங்களே எத்தனை படம் வரை சோதித்தோம் என்று ஒரு எண்ணைச் சொல்கின்றன. நிக்கான் டி3500 போன்ற தொடக்க நிலைக் கேமராவுக்கு அது 1,00,000. கேனான் 5டி மார்க் 4க்கு 1,50,000. நிக்கான் டி850க்கு 2,00,000. கேனான் 1டி எக்ஸ் மார்க் 3க்கு 5,00,000. இவை சோதனை அளவுகளே. அந்த எண்ணைத் தொட்டவுடன் ஷட்டர் நின்றுவிடும் என்று பொருளில்லை, அதற்கு முன் நிற்கவே நிற்காது என்ற உறுதியும் இல்லை.

ஆண்டுக்கு 5,000 படம் எடுக்கும் குடும்பத்துக்கு 1,00,000 என்பது இருபது ஆண்டு. மாறாக, ஒரு முகூர்த்தத்துக்கு 3,000 படம் வீதம் ஆண்டுக்கு நாற்பது கல்யாணம் எடுப்பவர் அதே எண்ணை ஓராண்டு முடிவதற்குள் தாண்டிவிடுவார். ஒரே கேமரா, இரண்டு பேருக்கும் இரண்டு ஆயுள். கேமரா எத்தனை வருஷம் உழைக்கும் என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லாததற்கு இதுவே காரணம்.

மிரர்லெஸ் கேமராக்கள் வந்தபின் கண்ணாடி போனது. 2021இல் வந்த நிக்கான் இசட்9இல் இயந்திர ஷட்டரே இல்லை. 2023இல் வந்த இசட்8இலும் இல்லை. அசையும் பாகங்கள் குறையக் குறைய தேய்மானமும் குறைகிறது. அந்த இடத்தில் வேறு பலவீனங்கள் வந்துள்ளன: நடுக்கத்தைச் சமன்செய்ய மிதந்தபடி இருக்கும் சென்சார், திருப்பித் திருப்பி மடிக்கும் திரைக்குள் போகும் மெல்லிய ஒயர் பட்டை, கேபிளைச் சற்று இழுத்தாலே தளர்ந்துவிடும் மைக்ரோ எச்.டி.எம்.ஐ. துளை, நீண்ட நேர வீடியோவில் ஏறும் சூடு. கேனான் ஆர்5 2020இல் வந்தபோது 8கே வீடியோ எடுக்கையில் சூடேறி நின்றுபோவது உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

தயாரிப்பாளரே செய்த பிழைகள்

கேமராவின் நம்பகத்தன்மையைப் பற்றிப் பேசும்போது தனிப்பட்ட பழுதுகளைவிடப் பெரிய பாடம் சொல்பவை, ஒரு மாடல் முழுக்க வந்த குறைகள். அவை எப்படித் தீர்ந்தன என்று பார்த்தால் வாரண்டியைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

2005 அக்டோபரில் ஒரு விசித்திரம் நடந்தது. ஒன்றுக்கொன்று போட்டியாளர்களான பல கேமரா நிறுவனங்கள், சில வாரங்களுக்குள் ஒரே மாதிரியான அறிவிப்பை வெளியிட்டன. சோனி தயாரித்த சி.சி.டி. சென்சார்கள், சோனியின் கேமராக்களில் மட்டுமல்லாமல் கேனான், நிக்கான், ஃபியூஜி, ஒலிம்பஸ், கோனிகா மினோல்டா கேமராக்களிலும் இருந்தன. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் அந்தச் சென்சாருக்குள் இருந்த நுண் கம்பி இணைப்புகள் கழன்றன; படம் கோணல்மாணலாக வந்தது, அல்லது வெறும் கறுப்பாக வந்தது. அந்த மாடல்களில் பல அதற்குள் வாரண்டி காலத்தைக் கடந்திருந்தன. ஆனாலும் நிறுவனங்கள் அவற்றை இலவசமாகச் சரிசெய்துதந்தன. வெப்பமும் ஈரமும் என்றால் அது நம் கடற்கரை ஊர்களின் தட்பவெப்பம்தான். நம்மிடமிருந்த கேமராக்களும் அந்தப் பட்டியலில் இருந்திருக்கும்.

நிக்கான் டி600 இன்னும் தெளிவான கதை. 2012 செப்டம்பரில் வெளிவந்தது. சில ஆயிரம் படங்களுக்குள்ளேயே படத்தின் இடது மேல் மூலையில் சிறு புள்ளிகள் தென்படத் தொடங்கின. துளையைச் சுருக்கி எஃப்16இல் வெறும் வானத்தை எடுத்தால் கொசு மொய்த்ததுபோல அவை தெரிந்தன. ஷட்டர் பக்கத்திலிருந்து எண்ணெயும் துகளும் சென்சாரில் தெறித்ததே காரணம் என்று பயனர்கள் கண்டுகொண்டார்கள். நிறுவனம் முதலில் சென்சாரைச் சுத்தம் செய்யும் வழியைத்தான் சொன்னது. 2013 அக்டோபரில், ஏறத்தாழ அதே கேமரா, மாற்றிய ஷட்டருடன், டி610 என்ற பெயரில் வந்தது. 2014 பிப்ரவரியில், வாரண்டி முடிந்திருந்தாலும் ஷட்டரை இலவசமாக மாற்றித்தருவோம் என்று நிக்கான் அறிவித்தது. அடுத்த மாதம், நுகர்வோர் உரிமை நாளான மார்ச் 15 அன்று, சீன அரசுத் தொலைக்காட்சி இந்தக் கேமராவைப் பற்றி நிகழ்ச்சி வெளியிட, ஷாங்காய் அதிகாரிகள் டி600 விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள்.

டி750இலும் ஷட்டர் குறை வந்தது. 2015இல் தொடங்கி 2016, 2017 என்று பட்டியலை விரித்துக்கொண்டே போய் இலவசமாகச் சரிசெய்தார்கள். லைக்கா எம்9இன் சென்சார் மேலிருந்த கண்ணாடி காலப்போக்கில் அரித்தது. 2014இல் வயது பாராமல் இலவசமாக மாற்றித்தர முன்வந்த லைக்கா, 2017இல் அந்தச் சலுகையைச் சுருக்கிக்கொண்டது. 2023இல் நிக்கான் இசட்8இன் தோள்பட்டை மாட்டும் வளையம் கழன்றுவரக்கூடும் என்று சில தொகுதிகளை நிறுவனமே திரும்ப அழைத்துப் பார்த்தது.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் பழுதைத் தீர்த்தது பணம் கட்டி வாங்கிய கூடுதல் வாரண்டி அல்ல. குறை பரவலாக இருந்தது. பயனர்கள் ஒன்றுசேர்ந்து பேசினார்கள். பெயர் கெடும் என்ற அச்சமும் சட்டத்தின் அழுத்தமும் நிறுவனத்தை அசைத்தன. ஒரு மாடல் முழுக்க வரும் குறைக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு. அதைக் கேட்டுப் பெறுவது வாங்கியவரின் உரிமை. அதற்காக முன்கூட்டியே கடையில் பணம் கட்டத் தேவையில்லை. லைக்காவின் கதை இன்னொன்றையும் சொல்கிறது: இந்தச் சலுகைகளுக்குக் காலக்கெடு உண்டு. உங்கள் மாடலுக்கு ஏதாவது சர்வீஸ் அறிவிப்பு வந்திருக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தில் ஆண்டுக்கொரு முறையாவது பார்ப்பது, எந்த வாரண்டியைவிடவும் மலிவான பாதுகாப்பு.

நம் ஊரில் கேமராவைக் கொல்பவை

சர்வீஸ் சென்டருக்கு வரும் கேமராக்களை நம் தட்பவெப்பத்தோடும் நம் பழக்கவழக்கங்களோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே முதல் எதிரி ஃபங்கஸ். காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நீண்ட நாள் நின்றால், லென்ஸுக்குள் ஏற்கெனவே இருக்கும் பூஞ்சை வித்துகள் முளைக்கும். சென்னையிலும் நாகையிலும் தூத்துக்குடியிலும் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் அதற்கு மேல்தான். லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கண்ணாடியின் ஓரத்தில் நூலாம்படை போன்ற கிளைகள் தெரியும். பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிட்டால், துடைத்த பிறகும் தடம் போகாது. தோல் பையில் போட்டு பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டும் பழக்கம் இதற்கு மிகவும் தோதானது. இருட்டு, காற்றோட்டமின்மை, ஈரத்தை இழுத்து வைக்கும் தோல் மூன்றும் அங்கே சேர்ந்துவிடுகின்றன.

அடுத்தது உப்புக்காற்றும் மணலும். தனுஷ்கோடியிலோ கோவளத்திலோ ஒரு மாலை போதும். லென்ஸ் நீண்டு சுருங்கும் சிறிய கேமராக்களின் குழாய்க்குள் ஒரு மணல் துகள் புகுந்தால் லென்ஸ் பாதியில் சிக்கி, திரையில் 'லென்ஸ் எரர்' வந்து நின்றுவிடும். ஏ.சி. காரிலிருந்து சட்டென்று இறங்கிக் கேமராவை எடுத்தால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும்; அந்த ஈரம் உள்ளேயும் படியும்.

கல்யாண வீட்டுக்கு வந்தால் எதிரிகள் இன்னும் கூடுகிறார்கள். ஹோமப் புகையில் நெய் கலந்திருக்கிறது. அது முன் கண்ணாடியில் மெல்லிய பிசுக்காகப் படிகிறது. நலங்கில் மஞ்சளும் சந்தனமும் பறக்கின்றன. தாலி கட்டும் நேரத்தில் நாலாபக்கமும் அட்சதை விழுகிறது. ரிசப்ஷன் மேடையில் புகை இயந்திரமும் பூத்திரியும். இவ்வளவுக்கும் நடுவில் இரண்டு பாடிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு நெருக்கத்தில் ஓடுகிறவர் கையிலிருந்து ஒருமுறை கேமரா விழுவது அதிசயமல்ல.

இந்தப் பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டு வாரண்டிக் காகிதத்தைப் படியுங்கள். ஃபங்கஸ், ஈரம், துரு, மணல், தூசி, நீர், கீழே விழுதல், வழக்கமான தேய்மானம் என்று அதே பட்டியல் அங்கேயும் இருக்கும், 'இவற்றுக்குப் பொருந்தாது' என்ற தலைப்பின் கீழ்.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை

எக்ஸ்டெண்டட் வாரண்டி என்ற ஒரே பெயரில் மூன்று வகைச் சரக்கு விற்கிறது. தயாரிப்பாளரே தன் வாரண்டியை நீட்டிப்பது முதல் வகை. கடையோ மூன்றாவது நிறுவனமோ தருவது இரண்டாவது. இதுவும் பெரும்பாலும் பொறிப் பழுதுக்கு மட்டுமே. விழுதல், நீர்படுதல் போன்ற விபத்தையும் ஏற்பது மூன்றாவது. இவை மூன்றும் வெவ்வேறு பொருள்கள். எது என்று கேட்காமல் பணம் கட்டக்கூடாது.

காகிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது தொடக்கத் தேதி. தயாரிப்பாளரின் வாரண்டி முடிந்த மறுநாளிலிருந்து தொடங்குகிறதா, வாங்கிய நாளிலிருந்தா? வாங்கிய நாளிலிருந்து என்றால், ஏற்கெனவே இலவசமாக இருக்கும் காலத்துக்கும் சேர்த்து விலை கொடுக்கிறோம். சில நிறுவனங்கள், வாங்கிய சில நாட்களுக்குள் தங்கள் தளத்தில் வரிசை எண்ணைப் பதிவுசெய்தாலே கூடுதல் காலம் தருகின்றன. கடையில் கட்டுவதற்கு முன் இதைச் சரிபார்ப்பது கட்டாயம்.

அடுத்தது தொழில் பயன்பாட்டு விதி. பல திட்டங்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. கல்யாணப் படம் எடுத்துக் கூலி வாங்குகிறவர் இந்த விதிக்குள் சிக்கினால், கட்டிய தொகை முழுக்க வீண். கேமராவில் பதிவாகியிருக்கும் ஷட்டர் எண்ணிக்கையே அவர் தொழில்காரர் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு பணம் தொடர்பான விதிகள். ஒவ்வொரு முறையும் நாம் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு? வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார்களா? எத்தனை முறை கோரலாம்? சரிசெய்ய முடியாது என்றால் புதுக் கேமராவா, அன்றைய மதிப்பா, கூப்பனா? கடைசியாக, பழுது பார்ப்பது யார்? தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டரா, வேறு எங்கோ அனுப்புவார்களா? அசல் ஸ்பேர் போடுவார்களா? விற்றவர் கடையை மூடிவிட்டால் பொறுப்பு யாருடையது? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் விடை இல்லாத திட்டத்துக்கு விலையும் இல்லை.

கிரே மார்க்கெட் சரக்கு பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து வந்து மலிவாகக் கிடைக்கும் பாடிக்கு இந்தியக் கிளை வாரண்டி தராமல் போகலாம். அதற்கு ஈடாகக் கடைக்காரர் 'நாங்களே ரெண்டு வருஷம் பாத்துக்குறோம்' என்று எழுதித்தருவார். விலையில் மிச்சமான தொகையைப் பழுதுக்கான முதலாக ஒதுக்கி வைக்க முடிந்தவர் மட்டுமே அந்தப் பக்கம் போகலாம்.

கணக்கு

எந்தத் திட்டத்தையும் ஒரே வகுத்தலில் சோதிக்கலாம். திட்டத்தின் விலையை, பழுது வந்தால் சராசரியாக ஆகும் செலவால் வகுக்க வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு: திட்டத்தின் விலை 5,000 ரூபாய், சராசரிப் பழுதுச் செலவு 15,000 ரூபாய். வகுத்தால் மூன்றில் ஒன்று. அதாவது, திட்டம் ஏற்கும் வகையைச் சேர்ந்த பழுது, அந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று கேமராவுக்கு ஒன்று வீதம் வந்தால்தான் கட்டிய பணத்துக்குச் சரியாகும். உங்கள் உறவிலும் நட்பிலும் கேமரா வைத்திருக்கும் பத்துப் பேரை நினைத்துப் பாருங்கள். விழாமல், நனையாமல், ஃபங்கஸ் பிடிக்காமல், தானாகவே போர்டு போன கேமரா அவர்களில் எத்தனை பேரிடம்? இருபதில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் அந்தத் திட்டத்தின் உண்மையான மதிப்பு 750 ரூபாய்.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கேமராவின் சந்தை மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. 70,000 ரூபாய்க்கு வாங்கிய பாடி மூன்றாம் ஆண்டில் பழைய சந்தையில் 35,000க்குக் கிடைக்குமென்றால், அன்று அது முழுக்கப் போனாலும் நம் நட்டம் 35,000தான். நாம் காப்பாற்றும் மதிப்பு குறைந்துகொண்டே வரும் காலத்துக்கு, முதல் நாள் விலையை வைத்து நிர்ணயித்த தொகையைக் கட்டுகிறோம். லென்ஸின் மதிப்பு இவ்வளவு வேகமாக இறங்காது. நல்ல லென்ஸ் இரண்டு மூன்று பாடிகளைத் தாண்டி வாழும். ஆகவே கவனமும் செலவும் முதலில் லென்ஸுக்குப் போக வேண்டும்.

ஏன் இவ்வளவு விற்கிறது?

கணக்கு இவ்வளவு எளிது என்றால் மக்கள் ஏன் வாங்குகிறார்கள்? இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். தாவோ சென், அஜய் கால்ரா, பாவ்ஹாங் சன் ஆகிய மூவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க மின்னணுக் கடை ஒன்றின் விற்பனைப் பதிவுகளை வைத்து எழுதப்பட்டது. தேவைக்காக வாங்கும் பொருளைவிட ஆசைக்காக வாங்கும் பொருளுக்கே மக்கள் இத்தகைய திட்டங்களை அதிகம் எடுக்கிறார்கள் என்று அது கண்டது. கேமரா அந்த ஆசைப் பொருள்களில் ஒன்று. வருமானம் குறைந்தவர்களே இவற்றை எடுக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதும் அதில் தெரிந்தது. 2019இல் அபிட்டோவும் சாலண்ட்டும் வெளியிட்ட ஆய்வு இன்னொரு காரணத்தைச் சொன்னது: பொருள் பழுதாகும் வாய்ப்பை மக்கள் உண்மையைவிட மிகையாக எடைபோடுகிறார்கள், உண்மையான விகிதத்தைச் சொன்னால் அதற்குக் கொடுக்கச் சம்மதிக்கும் தொகை குறைகிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இழப்பைத் தாங்க முடியாதவர்தான் அதிகம் பயப்படுகிறார். பயப்படுகிறவர்தான் அதிகம் கட்டுகிறார். கடன் வாங்கி முதல் கேமரா வாங்கும் சிற்றூர் இளைஞரிடமிருந்து, அவருக்குப் பயன்படாத ஒன்றுக்காக, ஒரு நல்ல டிரைபாடின் விலை போய்விடுகிறது. கடைக்கோ கேமராவில் கிடைக்கும் லாபம் மெலிது. திட்டத்தில் கிடைப்பது தடிமன். அதனால்தான் விற்பனையாளர் அவ்வளவு அக்கறையோடு கேட்கிறார்.

பிற நாடுகள் இதில் தலையிட்டிருக்கின்றன. பிரிட்டனின் போட்டி ஆணையம் மின்சாதனங்களுக்கான எக்ஸ்டெண்டட் வாரண்டிச் சந்தையை ஆராய்ந்து 2003இல் அறிக்கை தந்தது. அதன் தொடர்ச்சியாக 2005இல் வந்த உத்தரவுப்படி, கடைகள் திட்டத்தின் விலையைப் பொருளின் விலையோடு சேர்த்துக் காட்ட வேண்டும். வாங்கியவர் 45 நாட்களுக்குள் ரத்துசெய்தால் முழுத் தொகையையும் திருப்பித்தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1999ஆம் ஆண்டின் நெறிமுறையிலிருந்தே, விற்றவர் இரண்டு ஆண்டுக் காலம் குறைபாட்டுக்குப் பொறுப்பு. அமெரிக்காவில் நுகர்வோர் அமைப்பான 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' 2006 நவம்பரில், இத்தகைய திட்டங்கள் தேவையில்லை என்று சொல்ல நாளிதழில் முழுப்பக்க விளம்பரமே கொடுத்தது.

இந்தியாவில் பிரிட்டன் போன்ற தனி விதி இல்லை. ஆனால் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நமக்குத் துணை. குறைபாடுள்ள பொருளைச் சரிசெய்து தரவோ, மாற்றித்தரவோ, பணத்தைத் திருப்பித்தரவோ நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமலேயே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பில்லையும் சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் ஷீட்டையும் பத்திரமாக வைத்திருப்பவருக்கு இந்தச் சட்டம் பேருதவி.

யாருக்கு எது?

குடும்பப் படம், பயணம், பொழுதுபோக்கு என்று எடுப்பவருக்கு: பொறிப் பழுதுத் திட்டம் வேண்டாம். புதுக் கேமராவை வாங்கிய முதல் மாதத்திலேயே முழுமூச்சாகப் பயன்படுத்துங்கள். எல்லாப் பொத்தானையும் அழுத்துங்கள், நீண்ட வீடியோ எடுங்கள், எல்லாத் துளையிலும் கேபிள் செருகிப் பாருங்கள். தொடக்கக் குறை இருந்தால் வாரண்டிக்குள்ளேயே வெளியே வரும். திட்டத்துக்குக் கட்டவிருந்த தொகையில் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு கருவி வாங்கி, உள்ளே 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஜெல் நிறம் மாறினால் காயவைத்து மறுபடி போடுங்கள். லென்ஸ் நான்கைந்து ஆனால் டிரை கேபினட் வாங்கலாம். மிச்சத்தைப் பழுதுக்கென்று தனியே போட்டு வையுங்கள்; பழுது வராவிட்டால் அந்தப் பணம் உங்களுடையது.

மலையேறுபவர், பறவைக்காக நீர்நிலைகளில் கிடப்பவர், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் கேமரா புழங்குபவர்: விபத்தையும் ஏற்கும் திட்டம், தயாரிப்பாளரே தருவதாகவும் நாம் கட்ட வேண்டிய பங்கு குறைவாகவும் இருந்தால், எடுக்கலாம். ஒரே நேரத்தில் பெரிய தொகை போனால் வீட்டுச் செலவே தடுமாறும் என்ற நிலையில் இருப்பவருக்கும் இதே யோசனைதான். அவருக்குச் சராசரிக் கணக்கைவிட அந்த ஒரு நாளின் இழப்பே பெரிது.

தொழில் செய்பவருக்கு வேண்டியது வேறு. கேமரா பழுதானால் அவருக்குப் பழுதுச் செலவைவிட முகூர்த்தம் தவறுவதுதான் பேரிழப்பு. எந்த வாரண்டியும் அதற்கு ஈடு தராது. அவருக்கு முதல் காப்பு இரண்டாவது பாடி, அது பழையதாக இருந்தாலும் சரி. அடுத்தது, பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தரும் 'ஆல் ரிஸ்க்' வகைப் பாலிசி. தொழில் பயன்பாடு என்று வெளிப்படையாக எழுதி, திருட்டையும் விபத்தையும் சேர்த்து, ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணோடும் எடுக்க வேண்டும். மூன்றாவது, ஷட்டர் மாற்றும் செலவைத் தொழிலின் வழக்கமான செலவாகக் கருதி, ஒவ்வொரு கல்யாணக் கூலியிலிருந்தும் சிறு தொகை ஒதுக்குவது.

ஸ்பேரும் கைத்திறனும்

இத்தனைக்கும் மேலாக ஒரு கவலை இருக்கிறது. ஜப்பானியக் கேமராத் தொழில் சங்கமான சிபாவின் கணக்குப்படி, 2010இல் சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன. 2023இல் சுமார் 77 லட்சம். தொழில் சுருங்கினால் சர்வீஸும் சுருங்கும். கோனிகா மினோல்டா 2006இல் கேமராத் தொழிலை விட்டது. சாம்சங் விட்டது. ஒலிம்பஸின் கேமராப் பிரிவு 2021இல் வேறு நிறுவனமானது. நிக்கான் அமெரிக்காவில் வெளிக் கடைகளுக்கு ஸ்பேர் விற்பதை 2012இல் நிறுத்தியது. அங்கீகாரம் பெற்ற பழுதுக் கடைகள் திட்டத்தையும் 2020இல் முடித்துக்கொண்டது.

ஸ்பேர் இல்லாத கேமராவுக்கு எந்த வாரண்டியும் உயிர் கொடுக்காது. இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு தளத்தைத் தொடங்கியது. கைப்பேசி, வீட்டுச் சாதனம், வாகனம், வேளாண் கருவி ஆகியவற்றை முதலில் எடுத்துக்கொண்டார்கள். கேமராவும் லென்ஸும் அதில் சேர வேண்டும். எந்த ஆண்டு வரை ஸ்பேர் தருவோம் என்பதை நிறுவனங்கள் பெட்டியிலேயே அச்சிட வேண்டும். மதுரையிலும் திருநெல்வேலியிலும் கேமரா பிரிக்கத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கு அசல் பாகம் நேர்மையான விலையில் கிடைக்க வேண்டும். வாங்குபவரும் பிராண்டைத் தேர்ந்தெடுக்கும்போது மெகாபிக்சலுக்கு முன்னால், தன் ஊரிலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தொடக்கக் குறைக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு. மாடல் முழுக்க வரும் குறைக்கும் அவரே பொறுப்பு, சட்டமும் துணை. ஈரத்துக்கும் தூசிக்கும் நாம் பொறுப்பு. விழுவதற்கும் திருட்டுக்கும் காப்பீடு. தேய்மானத்துக்குச் சேமிப்பு. இப்படிப் பிரித்துக் கொடுத்த பிறகு, கடைக்காரர் நீட்டும் காகிதத்துக்கென்று மிஞ்சுவது மிகச் சிறிய பங்கு. அந்தப் பங்குக்கு அவர் கேட்கும் விலை நியாயமா என்று ஒரு வகுத்தல் போட்டுப் பார்த்துவிட்டு, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ தயங்காமல் சொல்லுங்கள்.